வெங்காய மண்டித் தெருவுல ரெண்டு தட்டு

எங்க ஊரு வெங்காய மண்டித் தெருவுல மொதமொதல்ல பிடிய விட்டது ஒரு ஊறுகா பாட்டில் மூடி. அதே நொடியில பொரிகடைக்காரர் வெரல்ல கல்யாணத்தன்னைக்கு ஏறி, அவரு ஒடம்பு பெருக்கப் பெருக்க கழட்டவே முடியாமப் போன மோதிரம் கழண்டு பொரி மூட்டைக்குள்ள விழுந்துச்சு. எந்த மழைக்கும் கிழியாம நின்ன தேர்தல் போஸ்டர் ஒண்ணு செவுத்துல இருந்து தானா உரிஞ்சு வந்துச்சு. அம்மா முடியக் கொத்தாப் புடிச்சுக்கிட்டு இருந்த கைக்கொழந்தை வெரலத் தொறந்துச்சு. துருப்புடிச்சு பாதியில நின்ன ஷட்டர் கடகடன்னு மேல ஏறிச்சு. இவ்வளவும் ஒரு சாயங்காலம், மாடியில முபீனாங்கற பொண்ணு தார்ப்பாய் மேல ரெண்டு தட்டு தட்டினப்ப நடந்துச்சு.

தெருக்காரங்க யாரும் வாயப் பொளக்கல. ஊறுகா பாட்டில்காரம்மா "அப்பாடா"ன்னு சொல்லிட்டு சோத்தப் போட்டுக்கிட்டு உக்காந்திருச்சு.

நான் அப்ப அந்தத் தெருவுக்கே வரல. திருச்சி முழுக்க நல்ல ஜிம் ஒண்ணு தேடி அலைஞ்சுக்கிட்டு இருந்தேன். ஒடம்பு ஏத்துற ஜிம் இல்ல, எம்.எம்.ஏ. ஜிம். குத்து, உதை, மல்லு எல்லாம் கலந்த சண்டை. அதுல ஒருத்தர் கைய மடக்கிப் புடிச்சா, கழுத்த நெருக்குனா, இனிமே முடியாதுங்கறப்ப தரையில ரெண்டு தட்டு தட்டணும். தட்டினா புடிச்சவங்க அந்த நொடியே விட்டுரணும். மொத்த விளையாட்டும் இந்த ஒரு சட்டத்து மேலதான் நிக்குது. இது இல்லன்னா அது ஜிம் இல்ல, ரவுடி கேங்கு.

மொதல்ல நான் போனது ஏ.சி. போட்ட ஒரு கண்ணாடி ஜிம். ரோட்டுல போறவன் எல்லாம் பாக்குற மாதிரி கட்டி வச்சிருந்தாங்க. அங்கருந்து நான் வெளிய வந்தப்ப என் வலது முழங்கை முழுசா நீளாது. டீ கிளாஸ வாங்கலாம், ஆனா பஸ்ல மேல் கம்பிய எட்டிப் புடிக்க முடியாது. என்ன ஆச்சுன்னு கேட்டவங்க எல்லாருக்கும் "ஒனக்கெதுக்கு?"ன்னு ஒரே பதில்தான் வச்சிருந்தேன். எலும்பு டாக்டர் கேட்டப்பவும் அதேதான். அவரு பாவம், எழுதிக் குடுத்துட்டு அடுத்த ஆளக் கூப்ட்டாரு.

அதுக்கப்புறம் எந்த ஜிம்முக்குப் போனாலும் ஃபீஸ் கேக்கல, டைமிங் கேக்கல. வாசல்ல நின்னுக்கிட்டே கேட்ட மொதக் கேள்வி, "தட்டினா விடுவீங்களா?" நெஞ்சுல புலி பச்சை குத்தின ஒருத்தரு சிரிச்சாரு. நேத்து வரைக்கும் கராத்தே கிளாஸா இருந்து போர்டு மட்டும் மாத்தின இடத்துல, "மொதல்ல யூனிஃபார்ம் வாங்கும்மா"ன்னாங்க. ஒரு இடத்துல பாட்ட அலற விட்டு எல்லாரும் கண்ணாடி முன்னாடி நின்னு தங்களையே வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க, நான் கேட்டது யாரு காதுலயும் விழல. இன்னொரு இடத்துல "பொம்பளப் புள்ளைங்களுக்கு நாங்க ரொம்ப மெதுவாத்தான்"னு ஒருத்தரு ஆரம்பிச்சாரு. அவருகிட்ட நான் சண்டை போட்டது ஒரு பத்து நிமிஷம் இருக்கும். அதுல மெதுவு ஒண்ணும் இல்ல.

கடைசியாத்தான் வெங்காய மண்டி மாடி. கீழ சிங்காரம் அண்ணனோட மண்டி, மேல ஜிம். வாசல்ல 'மேற்கத்திய நடனப் பயிற்சி'ன்னு பழைய போர்டு. அதக் கழட்ட யாருக்கும் நேரம் இல்லையாம். ஃபோம் மெத்தை மேல லாரித் தார்ப்பாய இழுத்துக் கட்டியிருந்தாங்க. வெங்காய நெடியில எல்லாரு கண்ணுலயும் தண்ணி. யாரு வலியில அழுவுறா, யாரு வெங்காயத்துல அழுவுறான்னு தெரியாது. அது ஒரு வசதிதான்.

கோச்சு பேரு சகாயராணி. ஜூடோ ஆடி ரயில்வேல ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலை வாங்கினவங்க, எனக்கு அக்கா வயசு இருக்கும், ஒரு காது நசுங்கின பூரி மாதிரி இருக்கும். என் கேள்வியக் கேட்டுட்டு, "உக்காந்து பாரு"ன்னாங்க.

பாத்தேன். பேங்க்ல வேலை பாக்குற ஒரு சார முபீனா கழுத்தோட சுருட்டி வச்சிருந்தா. அவரு தட்டினாரு. அந்த நொடி என் தலையில இருந்த கிளிப்பு வாயப் பொளந்து முடி முழுக்க மூஞ்சியில விழுந்துச்சு. கீழ ஏதோ தொபுக்குன்னுச்சு. யாரோ "ஏய், சட்டை விழுந்துருச்சு!"ன்னு கத்துனாங்க. மேல எல்லாரும் அடுத்த பிடிக்குப் போயிட்டாங்க.

"என்னக்கா இது?"

"அது அப்படித்தான். நாளைக்கு முடிச்சுப் போட்டுக்கிட்டு வா. முடிச்சு விடாது."

"முடிச்சு மட்டும் ஏன் விடாது?"

"கீழ டீக்கடை மாஸ்டரக் கேளு. அவருதான் இதெல்லாம் யோசிக்கிறாரு."

கேட்டேன். "மத்ததெல்லாம் இன்னொண்ணப் புடிச்சுக்கிட்டு இருக்கு பாப்பா. முடிச்சு தன்னையேதான் புடிச்சிருக்கு. அது அதோட சொந்த விஷயம்"னாரு மாஸ்டர். நானும் வாதாடித்தான் பாத்தேன். டீ ஆறிப் போனதுதான் மிச்சம்.

தெரு அதுக்குள்ள தன்னை மாத்திக்கிட்டு இருந்துச்சு. மாடியில துணி காயப் போடுறவங்க கிளிப்ப விட்டுட்டு கொடியிலயே சுருக்குப் போட ஆரம்பிச்சாங்க. சலூன்காரரு ஜிம் நடக்குற நேரத்துல கத்தியக் கையில எடுக்க மாட்டாரு, முடி மட்டும் வெட்டுவாரு. டீ மாஸ்டரு கிளாஸ கையில குடுக்காம மேசையில வச்சுட்டு நகந்துக்குவாரு. சாயங்காலம் ஆனா யாராச்சும் ஒருத்தர் "ஜிம்மு ஆரம்பிக்குது, பாத்துக்க!"ன்னு குரல் குடுக்க, தெரு முழுக்க ஆளுங்க கையில இருக்கறத கீழ வைப்பாங்க. போலீஸ்காரரு ஒருத்தரு பிக்பாக்கெட் அடிச்சவன் சட்டைக் காலரப் புடிச்சு இழுத்துட்டு வந்தப்ப மேல யாரோ தட்டிட்டாங்க. அன்னைலருந்து திருடனத் தொரத்துனாலும் அடுத்த தெரு வரைக்கும் ஓட விட்டுத்தான் புடிக்கிறாரு. பக்கத்துத் தெருவுல இருந்து ஆட்டம் காணுற பால் பல்லு இருக்குற புள்ளைங்களக் கூட்டிட்டு வந்து படிக்கட்டுல வரிசையா உக்கார வச்சாங்க. தெறக்காத சூட்கேஸு, மாட்டிக்கிட்ட வளையலு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு இறுகிப் போன எவர்சில்வர் டம்ளரு, விக்கல் நிக்காத ஒரு பெரியவரு, எல்லாம் வந்துச்சு. வந்து, காத்திருந்து, விட்டதும் போச்சு. ஒருத்தரும் சூடம் கொளுத்தல. "நல்லது நடக்குற எடத்துல பொகையப் போட்டு அவங்களுக்கு மூச்சு முட்ட வைக்காதீங்க"ன்னு சிங்காரம் அண்ணன் சொல்லிட்டாரு.

சும்மா தட்டினா ஒண்ணும் விடாதுங்கறத தெருவே கண்டுபுடிச்சு வச்சிருந்துச்சு. ஒரு தடவ கவுன்சிலரு வந்து, ஃபோட்டோவுக்காக அவரே குனிஞ்சு தார்ப்பாயத் தட்டினாரு. அவரு சட்டைப் பொத்தான்கூட அசையல. நெஜமா ஒருத்தரு மாட்டணும், நெஜமா முடியாமப் போகணும், தட்டணும், புடிச்சவங்க நெஜமா விடணும். அப்பத்தான் தெருவும் விடும்.

இதுல என் வயித்தெரிச்சல் என்னன்னா, எல்லாத்துக்கும் விட்டுச்சு, என் முழங்கைக்கு மட்டும் விடல. மூணு தெரு தள்ளி இருந்து வந்த சூட்கேஸுக்கு விடுது. தட்டுற கைக்கு ஒரு மொழம் தள்ளி உக்காந்திருக்கேன், எனக்கு விடல. ஒவ்வொரு தடவ யாராச்சும் தட்டும்போதும் கைய நீட்டி நீட்டிப் பாப்பேன். அதே கோணல். இது என்ன நியாயம்னு டீ மாஸ்டர்கிட்ட கேட்டேன். "நீ தட்டியிருக்கியா பாப்பா?"ன்னாரு.

"மத்தவங்க தட்டினா மத்தவங்களுக்கு விடுதுல்ல? அந்த சூட்கேஸு வந்து தட்டிச்சா?"

"சூட்கேஸுக்கு கை இல்ல. ஒனக்கு இருக்கு."

எந்திரிச்சு வந்துட்டேன்.

நெசந்தான், நான் தட்டினதே இல்ல. இங்க சேந்து இத்தனை மாசத்துல ஒரு தடவகூட. முபீனா என் ஜோடி. டி.ஃபார்ம் படிக்கிறா, பேசினா காதக் கிட்டக் கொண்டு போகணும், குத்துறதுக்கு முன்னாடி "சாரி வதனி"ன்னு சொல்லிட்டுக் குத்துவா. அவ என் இடது கைய மடக்கிப் புடிச்சா நான் பல்லக் கடிச்சுக்கிட்டு கெடப்பேன். அவளே கொஞ்ச நேரத்துல விட்டுருவா. அங்கதான் எனக்குப் பத்திக்கும்.

"ஏன்டி விட்ட?"

"ஒடிஞ்சிரும்டி."

"ஒடிஞ்சா என் கைதானே?"

"ஒடச்ச கை என்னோடதா இருக்கும்ல?"

அதுக்கும் பதில் சொன்னேன். ஏதோ சொன்னேன். அவ தண்ணி பாட்டில எடுத்துக் குடுத்தா.

மெட்ராஸ்ல மாநில அணிக்கான தேர்வு வந்துச்சு. கோச்சு நாலு பேரக் கூட்டிட்டுப் போறதா இருந்துச்சு. என் பேரு இல்ல.

"ஏன்க்கா?"

"நீ நல்லா அடிக்கிற. நல்லா விழுவுற. வாயி அதவிட நல்லா இருக்கு. தட்டத் தெரியாத ஆள நான் கூட்டிட்டுப் போக மாட்டேன். ரெஃப்ரீ ஓடி வர்றதுக்குள்ள இருக்குற ஒரு கையும் போயிரும்."

"தோத்துட்டு வான்னு சொல்றீங்க."

"தோக்குறதுக்கு கோச்சு எதுக்கு? அது தானா வரும். ரயிலு சனிக்கிழமை. அதுக்குள்ள ஒரு தடவ தட்டு, டிக்கெட் போடுறேன்."

"நான் தட்ட மாட்டேன்."

"சரி." அவ்வளவுதான். என்கூட சண்டை போடாம ஒருத்தர் 'சரி'ன்னு சொன்னா எனக்கு அன்னைக்கு சோறு எறங்காது.

சனிக்கிழமைக்கு முந்தின நாள் சாயங்காலம், பேங்க் சார் வீட்டு வளைகாப்புக்கு மத்தவங்க எல்லாம் போயிட்டாங்க. ஜிம்ல கோச்சு, முபீனா, நான். கீழ ஒரே கூச்சல். சிங்காரம் அண்ணனோட பேத்தி நிறைமதி, இப்பத்தான் நடக்கப் பழகினவ, பித்தளைத் தவலைக்குள்ள எறங்கி உக்காந்திருச்சு. முட்டிய மடக்கிக்கிட்டு, தோளு வரைக்கும் உள்ள. எண்ணெய ஊத்திப் பாத்தாங்க, சோப்பப் போட்டுப் பாத்தாங்க, வரல. ஃபயர் சர்வீஸுக்குப் போன் போயிருச்சு, வண்டியும் வந்துருச்சு, ஆனா மார்க்கெட் வாசல்ல ரெண்டு லாரிக்கு நடுவுல மாட்டிக்கிட்டு முன்னாலயும் வர முடியாம பின்னாலயும் போக முடியாம நிக்குது. நாலு லோடுமேனுங்க தவலையோட கொழந்தையத் தூக்கி, கல்யாணப் பொண்ணு மாதிரி மாடிக்குக் கொண்டாந்து தார்ப்பாய் ஓரமா வச்சாங்க. பின்னாடியே தெரு ஏறிச்சு.

நிறைமதி அழல. முறுக்கு தின்னுக்கிட்டு இருந்துச்சு. ஆனா மூஞ்சி லேசா செவந்துக்கிட்டு வந்துச்சு. "காலு மரத்திருக்கும்மா, யாராச்சும் தட்டுங்க"ன்னு அவங்க அம்மா கோச்சு கையப் புடிச்சுக்கிச்சு.

கோச்சு முபீனாவப் புடிச்சாங்க. முபீனாவுக்குப் பதட்டம். கை மடங்குறதுக்கு முன்னாடியே தட்டிட்டா. ஒண்ணும் விடல. மறுபடி புடிச்சாங்க. கொழந்தையப் பாத்துக்கிட்டே மறுபடி சீக்கிரமாத் தட்டினா. "அது நெசமான தட்டு இல்ல புள்ள"ன்னாங்க கோச்சு. முபீனா அழுதா. வெங்காயம் இல்ல, அழுகைதான்.

"அந்தக் கோவக்காரப் புள்ள தட்டுனா என்ன?"ன்னு பின்னாடி இருந்து ஒரு லோடுமேன் கேட்டாரு.

"அது எங்க தட்டப் போவுது" இது பொரிகடைக்காரரு.

"நான் தட்ட மாட்டேன்னு யாரு ஒங்ககிட்ட சொன்னது?"

"நீதாம்மா. தெனமும் டீக்கடையில சொல்லிக்கிட்டு இருக்க."

"நான் என்ன சொன்னேன்னு நீங்க எனக்குச் சொல்லாதீங்க. முபீனா, வா!"

படுத்தேன். முபீனா கண்ணத் தொடச்சுக்கிட்டு வந்து, என் இடது கைய ரெண்டு தொடைக்கு நடுவுல போட்டு, மணிக்கட்ட நெஞ்சோட அணைச்சு, "சாரி வதனி"ன்னா. இடுப்பத் தூக்கினா. இந்தத் தடவ அவ தானா விட மாட்டாங்கறது அவ மூச்சுலயே தெரிஞ்சுச்சு. அவளுக்கும் அந்தக் கொழந்தை வெளிய வரணும்.

நான் வழக்கம்போலப் பல்லக் கடிச்சேன். ஒரு கன்னம் தார்ப்பாயோட அழுந்திக் கெடந்துச்சு. எதிர்ல தவலை. தவலைக்கு மேல நிறைமதி தலை. என்னையே பாத்துச்சு. தின்னுக்கிட்டு இருந்த முறுக்க என் பக்கம் நீட்டிச்சு.

எனக்கு அந்தக் கண்ணாடி ஜிம்மு ஞாபகம் வந்துச்சு. யாருகிட்டயும் சொல்லாதது இதுதான்: அங்க நான் தட்டினேன். அந்த ஜிம் மாஸ்டர் என் வலது கையப் புடிச்சிருந்தாரு, ரெண்டு தட்டு தட்டினேன். விடல. இன்னும் ரெண்டு தட்டினேன். "ஃபைட்டர்னா தட்டக் கூடாது"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, அவரு கூட நின்னவனுங்களும் சிரிச்சானுங்க, நான் தட்டிக்கிட்டே இருந்தேன், கண்ணாடிக்கு வெளிய ஒருத்தரு இளநி குடிச்சுக்கிட்டே நின்னு பாத்தாரு, அப்புறம் உள்ள ஏதோ ஒண்ணு சத்தம் போட்டுச்சு. அன்னைலருந்து எனக்குத் தட்டுறதுன்னா கேக்காத காதுல கத்துற மாதிரி. கத்தி, கேக்கலன்னா? அந்த அவமானம் இன்னொரு தடவ வேண்டாம்னுதான். தைரியம் எல்லாம் ஒரு மண்ணும் இல்ல.

இடது முழங்கை கடைசி எல்லைக்கு வந்துருச்சு. இதுக்கு மேல எலும்புதான்.

தட்டினேன்.

ரெண்டாவது தட்டு தார்ப்பாயத் தொடும்போது முபீனா கை என் மேல இல்ல. மொதத் தட்டுலயே விட்டுட்டா. ரெண்டாவது தட்டு வெறும் சத்தம், அவ்வளவுதான்.

ஒரு நொடி தெருவே மூச்சப் புடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் அதையும் விட்டுச்சு.

நிறைமதி தவலையில இருந்து, வழுக்குன சோப்பு மாதிரி மேல வந்து அவங்க அம்மா மடியில விழுந்துச்சு. தவலை உருண்டு படிக்கட்டுல டங்கு டங்குன்னு எறங்கிப் போச்சு. அதோட நிக்கல. மாடியில நின்ன அத்தனை பேரு பொத்தானும் கழண்டுச்சு. பொரிகடைக்காரரு பல் செட்டு கையில வந்துச்சு. தெரு முழுக்க ஷட்டர் ஒண்ணு விடாம மேல ஏறிச்சு. கொடியில சுருக்குப் போட்ட துணி எல்லாம் விழுந்துச்சு, ஆமா, முடிச்சும் விட்டுச்சு, டீ மாஸ்டரு அவுந்த கொடிக்கயித்தக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. கட்டியிருந்த மாடுங்க சாவகாசமா நடந்து போச்சு. மார்க்கெட் வாசல்ல மாட்டுன ஃபயர் வண்டி ரெண்டு லாரிக்கும் நடுவுல இருந்து அலுங்காம வெளிய வந்துச்சு. நடனப் பயிற்சி போர்டு கழண்டு விழுந்துச்சு. மண்டியில அடுக்கி வச்சிருந்த அத்தனை மூட்டையிலயும் சணல் தையல் சரசரன்னு பிரிஞ்சு, வெங்காயம் முழுக்க தெருவுல உருண்டு ஓடுச்சு.

"ஐயோ என் சரக்கு!"ன்னு சிங்காரம் அண்ணன் வேட்டிய ஒரு கையில புடிச்சுக்கிட்டு எறங்கினாரு. "ஏம்மா, இப்படியா தட்டுறது? கொஞ்சம் பாத்துத் தட்டக் கூடாது?"

"தட்டுன்னீங்க, தட்டினேன். கொழந்தை வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சும்மா. கொழந்தை மட்டும் வந்தாப் பத்தாதா? எத்தனை மாசத்துத் தட்ட நீ சேத்து வச்சுத் தட்டியிருக்க!"

"அதுக்கு நான் என்ன பண்ண? மெதுவாத் தட்டுறதுக்கு ஒங்க மண்டியில வேற ஆள வச்சுக்கங்க!"

சண்டை போட்டுக்கிட்டேதான் பொறுக்கினேன். எல்லாருந்தான் பொறுக்கினாங்க, ஒரு கையில துணியப் புடிச்சுக்கிட்டு, ஒரு கையில வெங்காயத்த. முபீனா துப்பட்டாவ ஏந்தி நிறைச்சா. ஃபயர் சர்வீஸ்காரங்க வந்தும் வராததுமா ஹெல்மெட்டக் கழட்டி அதுல அள்ளினாங்க. நிறைமதி ஒரு வெங்காயத்தக் கடிச்சுட்டு, அன்னைக்கு மொத தடவையா அழுதுச்சு. கோச்சு என் பக்கத்துல குத்துக்கால் போட்டுப் பொறுக்கிக்கிட்டே, என்னப் பாக்காம, "ரயிலு காலையில. தூங்கிட்டு வந்துறாத"ன்னாங்க.

"டிக்கெட்டு?"

"மொத நாளே போட்டாச்சு."

"அப்ப எதுக்கு அன்னைக்கு—"

"பொறுக்கு."

கடைசியா ஒரே ஒரு வெங்காயம் லாரிக்கு அடியில, அந்தப் பக்க டயர ஒட்டிக் கெடந்துச்சு. நான் தரையோட தரையாப் படுத்தேன். முபீனா புடிச்ச இடது கை வலிச்சுச்சு, அதனால வலது கைய உள்ள விட்டேன்.

"எட்டாது, விட்டுரும்மா"ன்னு சிங்காரம் அண்ணன் மேல இருந்து சொன்னாரு. "ஒத்த வெங்காயந்தானே."

"விட மாட்டேன்"னு சொல்லிட்டு கைய நீட்டினேன். நீட்டினேன். கை எப்பவும் நிக்குற எடத்துல நிக்காம, அதத் தாண்டிப் போயிக்கிட்டே இருந்துச்சு.